மத்தியானம் வீட்டுக்குப் போகிறவர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று சென்டரில் கேட்டார்கள். நல்ல வார்த்தை எனக்கு வராது. அது தெரிந்தும் கேட்கிறார்கள் என்றால் அவர்கள் தலையெழுத்து. படிக்கிறவர்கள் படியுங்கள்.

பெங்களூர் தொம்மலூரில் பேக்கரிக்கு மேல் மாடியில் நமது பயிற்சி நிலையம் இருந்த காலத்திலிருந்து போன வருஷம் வரை நான் அங்கே இந்தி நடத்தினேன். மர்பி டவுனில் பிறந்த தமிழச்சி. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மொழியாக வந்த இந்தி எனக்குப் பிடித்துப்போனது, மேலே படித்தேன், அதுவே சோறு போட்டது. அதனால் இந்தி மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அந்தக் கட்டாயத் தாள் மேல். மத்திய அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறான். தமிழ்நாட்டிலோ கர்நாடகத்திலோ இங்கிலீஷில் பாடம் நடத்தப் போகிறவளுக்கு இந்தியில் கட்டுரை எழுதத் தெரியாவிட்டால் அவள் இயற்பியல் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறான். வடக்கே பிறந்தவனுக்கு அந்தத் தாள் காலை டிபன். நம் பிள்ளைகளுக்கு அது வேலி. வேலியைத் தாண்டக் கற்றுக்கொடுத்துத்தான் நான் பிழைத்தேன். வேலி நியாயம் என்று ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே தலை குனிந்து வருகிற பிள்ளையிடம், தப்பு உன்மேல்தான் என்று வேறு சொல்லிவைக்காதீர்கள்.

கணக்கு, பொது அறிவு எடுக்கிறவர்கள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தி மிஸ் நுழைந்தால் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் மாதிரி உட்காருவார்கள். அந்த முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு ரகமும் உண்டு. சிரித்துக்கொண்டே வருகிறவன். ஜான்சன் என்று ஒருவன், எங்கள் தெருப் பையன்தான், சிவாஜிநகரில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. பிறந்ததிலிருந்து பாய் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, கடையில் நாள் பூரா உருது பேசி வளர்ந்தவன்.

"மிஸ், நமக்கு கிளாஸெல்லாம் நக்கோ, வேணாம். தூக்கத்துலகூட அதான் பேசறேன். நேரா பரீட்சைக்கு வந்துடறேன்" என்றான்.

"பேசறது வேற, எழுதறது வேறடா."

"நீங்க பயமுறுத்தாதீங்க மிஸ். உங்க இந்தியே எனக்குச் சிரிப்பு வருது. நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறீங்க."

ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம். ஆட்டோக்காரனோடு மீட்டருக்குச் சண்டை போடுகிற மாதிரி எழுதியிருந்தான். படித்துச் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவன் பரீட்சையிலும் அதையேதான் எழுதினான், தேறவில்லை. பெங்களூர்த் தமிழன் மட்டும் செய்கிற தப்பு இது. தெருவில் நாலு மொழி ஓடுகிறது என்பதற்காக நாலும் தாளில் ஓடும் என்று நினைத்துக்கொள்வான். அவனை அடக்கி உட்கார வைப்பது ஒரு வேலை. ஆனால் அவனுக்கு ஆபத்தில்லை. தோற்றாலும் சிரிப்பான். ஜான்சன் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான்.

ஆபத்து மற்றவர்களுக்கு.

எனக்கு முன்னால் இந்தி எடுத்த சார் ஒருவர் இருந்தார். கன்னடக்காரர். தமிழும் பேசுவார். நான் சேர்ந்த வருஷம் தேர்வு நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போனார். கையில் பெரிய தூக்கு, அதில் தயிர்சாதம். இவர் இந்தி வாத்தியாரா சமையல்காரரா என்று எனக்குச் சிரிப்பு. கேட் எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் துணி விரித்துக் கடை போட்டார். காலையில் இந்தித் தாள், மத்தியானம் பாடத் தாள். இடையில் ஒன்றரை மணி நேரம்.

"நோடம்மா, இங்க பாரு," என்றார். "இந்தப் பிள்ளைங்க காலைல ஃபெயில் ஆகறதில்ல. மத்தியானம் ஃபெயில் ஆகறாங்க. பாத்துக்கினே இரு."

பார்த்தேன். மணி அடித்ததும் வெளியே வந்த கூட்டத்தில் கால்வாசி நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போனது. இந்தி போச்சு, இனிமேல் பாடத் தாள் எழுதி என்ன பிரயோசனம், திருத்தவே மாட்டான், வெயிலில் எதற்கு என்று வீட்டுக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் போகப் பார்த்தார்கள். சார் ஒவ்வொருவராக மறித்து உட்கார வைத்து இலையைக் கையில் கொடுத்தார். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "ஆகுத்தம்மா, ஆகுத்தே. ஊட்டா மாடு." ஆகிவிடும், சாப்பிடு. தாளை நீட்டினால் வாங்க மாட்டார்.

அவர் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் முதல் வருஷம் படிக்க வைத்த பெண், ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, இந்தி சரியாக எழுதவில்லை என்று அழுதுகொண்டே மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டாள். முடிவு வந்தபோது இந்தியில் தேறியிருந்தாள். பாடத் தாளுக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது. அதற்கப்புறம்தான் அவர் தூக்கு தூக்க ஆரம்பித்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு தூக்கு என் கைக்கு வந்தது. தயிர்சாதம் எலுமிச்சை சாதமானது, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் 'ஆகுத்தே' மட்டும் என் வாயில் வராது. எனக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, பல இடத்தில் அடி வாங்கித் தந்த குணம். அதனால் கேட்கிறவர்களிடம், "தெரியாது, வாயை மூடிக்கினு சாப்பிடு" என்பேன். அதுவும் வேலை செய்தது. கௌதமி வரும் வரை.

கௌதமி கே.ஜி.எஃப். காரி. அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடியபோது இவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தமிழ் மீடியத்தில் தொடங்கி, இங்கிலீஷில் எம்.எஸ்சி. இயற்பியல் வரை படித்துவிட்டாள். தினமும் விடியற்கால ரயில் பிடித்து பெங்களூர் வந்து ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் நம் வகுப்புக்கு வருவாள். பெரிய ஆள். என்னைவிடப் பதினைந்து, இருபது வயதுதான் சின்னவள். வீட்டில் ஒரு பெண் குழந்தை. விடியலில் அது தூங்கும்போது கிளம்பினால் திரும்பிப் போகும்போது மறுபடி தூங்கிக்கொண்டிருக்கும்.

"அவளுக்கு நான் ஞாயித்துக்கிழமை அம்மா, மிஸ்" என்பாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மத்திய அரசுப் பள்ளியில் அந்த வேலை கிடைத்தால் பள்ளிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். ரயில் வேண்டாம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் இந்தியில் விழுந்திருந்தாள். வயது வரம்புப்படி அதுதான் கடைசித் தடவை.

நான் அவளை விடவில்லை. கட்டுரை மனப்பாடம் செய்ய வைத்தேன், கடிதம் எழுதி எழுதித் தேய்த்தேன், திட்டினேன். ரயிலில் நின்றுகொண்டே படிப்பாள். எழுத்து அழகாக வந்தது. மாதிரித் தேர்வில் ஒரு நாள் வேலியைத் தொடுவாள், மறுநாள் கீழே விழுவாள். மனப்பாடம் செய்தது வந்தால் தாண்டுவாள். வராவிட்டால் கை நின்றுவிடும்.

"பிசிக்ஸ்ல கேள்வி புதுசா வந்தா எனக்குக் குஷியாயிடும் மிஸ்," என்றாள் ஒரு நாள். "இதுல புதுசா வந்தா ஊமையாயிடறேன்."

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. தூக்கோடு மரத்தடியில் நின்றேன். மணி அடித்தது. நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கௌதமி கடைசியாக வந்தாள். உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள்.

"மிஸ், நான் கிளம்பறேன். மத்தியான வண்டி இருக்குது. பாப்பா முழிச்சிக்கினு இருக்கறப்பவே போயிடலாம்."

"சாப்பிட்டுட்டுப் போ."

"பசியில்ல." வினாத்தாளை என் முன்னால் நீட்டினாள். "பாத்துச் சொல்லுங்க."

"நான் மத்தியானத்துல தாளைத் தொடமாட்டேன். தெரியுமில்ல உனக்கு?"

"மத்தவங்க கேட்டா தொடாதீங்க. எனக்கு இது கடைசி. எல்லாரும் ஆயிடும் ஆயிடும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், எங்கம்மா சொல்லுவாங்க. பொய் சொல்லாத ஆளு எனக்குத் தெரிஞ்சி நீங்க ஒருத்தர்தான். அதான் கேக்கறேன்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களைப் பார்த்து, "உங்க இலையில இன்னா இருக்குதோ அதைப் பாருங்க" என்று கத்திவிட்டு, அவளை மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். தாளை வாங்கினேன். வாங்காமல் இருந்திருந்தால் அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள்.

கட்டுரைக்கு மூன்று தலைப்பு. நாங்கள் மனப்பாடம் செய்த எதுவும் இல்லை. ஒன்று பனிமூட்டக் காலை. கே.ஜி.எஃப். காரியும் நானும் கண்டிராத வடக்கத்திப் பனி. இன்னொன்று ஏதோ திருவிழாச் சந்தை. மூன்றாவது சூரிய சக்தி.

"சூரிய சக்தி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"உன் சப்ஜெக்ட்தானே?"

அவள் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் யார் முகத்திலும் பார்க்க வேண்டாம்.

"என் சப்ஜெக்ட்தான் மிஸ். இன்னா எழுதினேன் தெரியுமா? சூரியன் நல்லது. சூரியன் வெளிச்சம் தருகிறது. சூரியனைப் பார்த்தால் கண் கெட்டுவிடும். துணி காயும். அவ்ளோதான். எம்.எஸ்சி. படிச்சவ எழுதின கட்டுரை. எங்க பாப்பா இதைவிட நல்லா எழுதும். மண்டைக்குள்ள எல்லாம் இருக்குது. ஒண்ணுத்துக்கும் வார்த்தை இல்ல. அதையே திருப்பிப் போட்டு அரைப் பக்கம் எழுதிட்டு உக்காந்துக்கினு இருந்தேன். பக்கத்துல ஒரு பையன் நாலு பக்கம் எழுதிட்டு இன்னும் பேப்பர் கேக்கறான்."

மீதியையும் கேட்டேன். கடிதம் பரவாயில்லை. மொழிபெயர்ப்பில் பாதியை விட்டிருந்தாள். நான் இத்தனை வருஷம் திருத்தியவள். மனசுக்குள் கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கே தாராளமாகப் போட்டாலும் வேலிக்குக் கீழேதான் நின்றது.

சார் இருந்திருந்தால் 'ஆகுத்தே' என்றிருப்பார். அவர் சொன்னது பொய் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தப் பொய் நல்ல பொய். என் நாக்கு நுனி வரை அது வந்தது என்பதும் உண்மை. ஆனால் எதிரே நின்றவள் அந்தப் பொய்யைத் தவிர்க்கத்தான் என்னிடம் வந்திருந்தாள். நானும் அதைச் சொன்னால், அவளுக்கு நம்ப ஆள் இல்லாமல் போகும். அப்புறம் நான் என்ன சொன்னாலும், உள்ளே போ என்று சொன்னாலும், அது காற்றோடு போகும்.

"தேறாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டுக்கொண்டவள் மாதிரி.

"நான் திருத்தப்போறவ இல்ல. என் கணக்கு தப்பாவும் போகலாம். ஆனா கேட்டியே, அதனால சொல்றேன். தேறாதுன்னுதான் எனக்குத் தோணுது."

"சரி மிஸ்." பையைச் சரி செய்துகொண்டாள். "தேங்ஸ்."

"இருடி. பாதிதான் சொல்லியிருக்கேன். உள்ள போய் பிசிக்ஸ் எழுது."

"எதுக்கு? திருத்தவே மாட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா, திருத்தமாட்டான். காலைல உன்னை உக்கார வெச்சி நீ யாருடின்னு கேட்டான். நீ மூணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி பதில் சொல்லிட்டு வந்திருக்கே. இப்பக் கிளம்பினீன்னா அந்த மூணாங்கிளாஸ் பிள்ளையாதான் ரயில் ஏறுவே. நாளைக்கு உன் கிளாஸுக்குப் போய் நிக்கறப்பவும் அந்தப் பிள்ளைதான் நிக்கும். மத்தியானம் எழுதிட்டுப் போ. டீச்சரா ஏறு."

"யாருக்காவ மிஸ் எழுதறது?"

கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை. "முதல்ல சாப்பிடு" என்று இலையை அவள் கையில் திணித்தேன்.

நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டாள். சாதத்தில் உப்பு இல்லை என்றாள். நான் சாப்பிட்டுப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை. அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா, ஒருத்தராவது சொன்னாங்களா? உங்கமேல அவ்ளோ பயம்" என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாகச் சரியாகச் சிரித்தாள். பையை என் காலடியில் வைத்தாள். பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனாள்.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. என் கணக்கு தப்பவில்லை. தப்பியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இந்தியில் தேறவில்லை, அதனால் மற்ற தாள் மதிப்பிடப்படவில்லை என்று ஒரே வரி. அவள் எழுதிய இயற்பியல் தாள் எந்த ஊர்க் கிடங்கில் எந்த மூட்டையில் கிடந்து எப்போது கூழானதோ தெரியாது. கௌதமி இன்னும் அதே விடியற்கால ரயிலில்தான் வருகிறாள். நான் கதைக்காக வேறு மாதிரி முடித்து உங்களை ஏமாற்ற மாட்டேன். உங்கள் பிள்ளைகளிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். நன்றாகப் படிப்பார்கள், நன்றாக உழைப்பார்கள், வேலியில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேர்வு நாளில் கேட் எதிரே யாராவது ஒருவர் நில்லுங்கள். உப்புப் போட்டுச் சாதம் கொண்டுபோங்கள். பொய் சொல்ல வருகிறவர் பொய் சொல்லுங்கள், வராதவர் சொல்லாதீர்கள். ஆனால் யாரையும் மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

யாருக்காக எழுதுவது என்று கேட்டாளே, அதற்கு அன்று சாயங்காலமே எனக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தாள் முடிந்து கூட்டமாக வந்தார்கள். கௌதமி கிட்டத்தட்ட ஓடி வந்தாள். முகம் வேறு முகமாக இருந்தது. கன்னமெல்லாம் பேனா மை.

"மிஸ், எப்படிப்பட்ட பேப்பர் தெரியுமா! ஒரு கேள்வி, சூரியனுக்கு சக்தி எங்கேருந்து வருதுன்னு. நான் எழுதினேன் பாருங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ஞாபகம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டாள்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை அவளோடு பஸ்ஸில் போனேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் காலியான பூக்கூடையோடு ஒரு அம்மா.

"சொல்லு" என்றேன்.

"இன்னா மிஸ்?"

"இன்னா எழுதினே? அவன்தான் படிக்கமாட்டான். எனக்குச் சொல்லு."

"உங்களுக்கு பிசிக்ஸ் தெரியாதே."

"உனக்கு இந்தி தெரிஞ்சா நான் சொல்லிக்கொடுத்தேன்? சொல்லுடி."

பையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள். தமிழில்.

"சூரியனோட நடுவுல ஹைட்ரஜன் இருக்குது மிஸ். நாலு சேர்ந்து ஒரு ஹீலியம் ஆவுது. சேர்றப்ப எடை கொஞ்சம் காணாமப் போவுது. காணாமப் போன அந்த எடைதான் வெளிச்சமா மாறுது. ஆனா உள்ள பொறந்த வெளிச்சம் உடனே வெளிய வந்துட முடியாது. அவ்ளோ நெரிசல். சாயங்காலம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல மாட்டிக்கினவன் மாதிரி. ஒரு அடி வெக்கறதுக்குள்ள எவன் மேலயாவது இடிச்சிக்கினு வேற பக்கம் திரும்பிடும். அங்க இன்னொருத்தன். இப்படியே இடிச்சி இடிச்சி..."

"எவ்ளோ நேரம் ஆவும் வெளிய வர?"

"நேரமா? ஆயிரக்கணக்கான வருஷம் மிஸ்."

"வந்துட்டா?"

"வந்துட்டா எட்டு நிமிஷம். இங்க இருக்கும்."

பிளாட்பாரத்துக் கூரைக்கு அடியால் சாய்ந்து வந்த வெயில் எங்கள் கால்மேல் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பூக்கூடை அம்மா செருப்பிலிருந்து காலை எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அது ஒரு நாள் தீந்துபூடுமா?" என்று கேட்டாள்.

"தீரும்க்கா. அவசரமில்ல. நீங்க நாளைக்கு வியாபாரத்துக்குப் போலாம்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கூடை உருண்டது. கௌதமி எழுந்து நின்றுகொண்டு, கையால் காற்றில் வட்டம் போட்டுப் போட்டு மீதியையும் நடத்தினாள். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியையும் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். ரயில் உள்ளே வர ஆரம்பித்தபோதுதான் நிறுத்தினாள்.

"எத்தினி மார்க் மிஸ்?"

"தொண்ணூத்தெட்டு."

"ரெண்டு எங்க போச்சு?"

"நடுவுல ரெண்டு தடவ இங்கிலீஷுக்கு ஓடிட்ட."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூக்கூடை அம்மா அவள் பக்கத்தில் இடம் பிடித்து, மறுபடி ஏதோ கேட்டாள். வண்டி நகரும்போதும் கௌதமியின் கை காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தாளை இந்த நாட்டில் திருத்தியது நான் ஒருத்திதான். போட்ட மார்க்கைக் குறைக்க மாட்டேன்.